உயர்திணைச் சில்லு

அருளம்பலம் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். அரசாங்கக் கந்தோர் அலுவல் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று நம்பினார். நம்பி, அறுபது முட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கிச் சூட்டையும் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டணத்துக்குப் புறப்பட்டார். இந்தக் கதையில் அவரை 'அவர்' என்றே சொல்லப்போகிறோம். அது இலக்கணப் பிழை என்று அதே கந்தோர் பின்னால் எழுத்திலே அறிவித்தது. அறிவிக்கட்டும்.

எண்பத்தாறாம் ஆண்டு, மாசி மாதம். அருளம்பலம் சண்டிலிப்பாயில் ரேடியோ திருத்துகிறவர். கை நல்ல கை. மண்டைதான் ஓரிடத்தில் இருக்காது. அந்த மண்டைக்குள் மூன்று வருடமாகக் குடியிருந்தது மைக்ரோ கன்ட்ரோலர் என்ற சாமான். விரல் நீளத்தில் ஒரு கறுப்புச் சில்லு, இரண்டு பக்கமும் வரிசையாகக் கம்பிக் கால்கள். இத்தனை பாகை சூடு வந்தால் விளக்கை அணை, நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மோட்டரைச் சுழற்று என்று அதற்குள் எழுதிவிட்டால், சம்பளமும் கேட்காமல் லீவும் கேட்காமல் செய்துகொண்டே இருக்குமாம். முதலில் வாசல் மணி, பிறகு கிணற்றடித் தண்ணீர்த் தொட்டி என்று சின்னச் சின்ன விளையாட்டெல்லாம் செய்து பார்த்து, கடைசியில் முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கிற பெட்டியில் வந்து நின்றார்.

பெட்டிக்குப் பூட்டிய முதற்சில்லு, செத்துப்போன ஒரு கம்பியூட்டரின் தட்டச்சுப் பலகையிலிருந்து கழற்றியது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எந்த எழுத்தைத் தட்டினார்கள் என்பது மட்டும். முட்டையைப் பார் என்றால் எழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது, யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த உடுப்புத் தோய்க்கிற இயந்திரத்தின் சில்லு. அது தன் சுபாவத்தை விடாமல், பெட்டியை அறுபது பாகை சென்ரிகிறேட்டுக்குச் சூடாக்கி, முட்டைகளைத் தோய்க்கப் பார்த்தது. வீட்டில் இரண்டு நாள் அவித்த முட்டைக் குழம்பு.

"உதுகளுக்குத் தொழிற்சாலையிலை எழுதினது எழுதினதுதான், அழிக்க ஏலாது," என்று மனைவி பூரணத்துக்கு விளக்கினார் அருளம்பலம். "சொன்னால் கேக்கிற சாதி வேறை இருக்கு. அது வரட்டும், பாரும்."

"சொன்னால் கேக்கிற சாதி இந்த வீட்டிலை நான் ஒருத்திதான்," என்றாள் பூரணம்.

இவ்வளவும் விளையாட்டு. தங்கை கமலாவதியின் விஷயம் விளையாட்டில்லை. உடுப்பிட்டியில், புருஷன் இல்லாமல், கோழி வளர்த்துத்தான் இரண்டு பெட்டைப் பிள்ளைகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். தையில் வந்த கோழிநோய் ஒரு கிழமையில் கூட்டைத் துடைத்துவிட்டது. மிஞ்சியது வெறும் கூடும் அவளும்தான். எங்கெங்கோ அலைந்து ஒரு பண்ணையில் அறுபது லெக்கோன் முட்டை வாங்கினாள். பண்ணைக்காரர் பண்ணையையே மூடிக்கொண்டு போகிறவர், இனிமேல் கேட்டாலும் முட்டை இல்லை. லெக்கோன் கோழி முட்டையிடுமே தவிர அடை கிடக்காது. ஊரிலோ அடை கிடக்க ஒரு ஊர்க்கோழி மிச்சமில்லை.

"அண்ணை, உங்கடை பெட்டியை நம்பித்தான் வந்தனான்," என்று அவள் கடகத்தை இறக்கி வைத்த அதே காலையில், லண்டனிலிருந்து பொதி வந்திருப்பதாகக் கந்தோர் அறிவித்தல் வந்தது. பூரணத்தின் தம்பி அனுப்பிய மூன்றாவது சில்லு. அருளம்பலம் கொப்பியில் எழுதி அனுப்பிய கட்டளைகளையெல்லாம் அதற்குள் ஏற்றி அனுப்பியிருந்தான். சகுனம் இதைவிட வேறென்ன வேண்டும்! அருளம்பலம் முட்டைகளை அடுக்கினார். இருபத்தொரு நாள். நூறு பாகை பரனைற்றுக்கு இரண்டு பாகை கூடினாலும் குறைந்தாலும் அவ்வளவும் கூழ். சில்லு வரும்வரை, ஒரு அரைநாளைக்கு, சூட்டைக் கண்ணாலே பார்த்துக் கையாலே திருப்பலாம் என்று நினைத்தார்.

அந்தக் கந்தோரின் பெயர் பொருட்பகுப்புக் கந்தோர். வெளிநாட்டுப் பொதிகளில் வருவது இன்ன பொருள் என்று தமிழில் பெயரிட்டு, வகுத்து, வெளியே விடுவது அதன் கடமை. வெளியே விடுவது கடைசிக் கடமை என்பதால் பெரும்பாலும் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

இலிகிதர் பரமலிங்கம் பொதியின் மேலிருந்த தாளைப் படித்தார். "மைக்ரோ கன்ட்ரோலர். ஒண்டு." சொற்புத்தகத்தைப் புரட்டினார். "நுண் கட்டுப்பாட்டாளர்." பேனையை மூடினார். "உது எங்கடை பகுதியிலை வராது. உது ஆள்."

"ஆளோ?"

"ஆளர் எண்டெல்லோ முடியுது. பெரியவரைத்தான் காணவேணும்."

பெரியவர், பிரதம பகுப்பாளர் இராசநாயகம். முன்னாளில் பண்டிதர். முன்னாள் என்பது சம்பளத்துக்கு மட்டும்தான். அகலமான மேசை, உயரமான கதிரை, மேசையில் ஆறு கண்ணாடிக் குண்டுகள். தாள் பறக்காமல் வைக்கிற குண்டுகள், ஆனால் அவற்றின் கீழே ஒரு தாளும் இல்லை.

"ஒரு சொல்லின்ரை வாலைப் பாத்தே தலையைச் சொல்லுவன் நான்," என்றார் இராசநாயகம். "தொழிலாளர், பேச்சாளர், கணக்காளர். எல்லாம் உயர்திணை. எங்கையாவது ஒரு கணக்காளரைக் கடதாசியிலை சுத்தி அனுப்பினதைக் கண்டிருக்கிறீரோ?"

"இல்லை ஐயா. ஆனால் உது ஆளில்லை. சில்லு."

"சில்லோ? கார்ச் சில்லோ, சைக்கிள் சில்லோ?" ஊர்ப் பேச்சில் சில்லு என்றால் முதலில் சக்கரம்தான்.

'கட்டுப்பாட்டாளருடன் வாகனமும் வருவதாகத் தெரிகிறது' என்று பரமலிங்கம் ஒரு புதிய கோவையில் எழுதினார்.

அருளம்பலம் பொதியைச் சுட்டிக் காட்டினார். "ஐயா, சவர்க்காரக் கட்டியளவு பொதி. உதுக்குள்ளை ஒரு ஆள் எப்பிடி ஐயா..."

"பொதியின்ரை அளவு எங்களுக்குத் தேவையில்லாத கதை. அது நிறுவைப் பிரிவு. எங்களுக்குச் சொல்தான்."

"அப்ப உடைச்சுப் பாருங்கோவன்!"

"உயர்திணையை உடைக்கிறதோ? உமக்கென்ன விசரோ?"

மணிக்கூடு பதினொன்று அடித்தது. முட்டை திருப்புகிற நேரம். அருளம்பலம் எழுந்து கும்பிட்டுவிட்டு மினிபஸ்சுக்கு ஓடினார். வீட்டில் பூரணம் ஒரு கையில் அகப்பையும் மறு கையில் வெப்பமானியுமாக நின்றாள்.

நாலாம் நாள் திரும்பவும் போனார். அதற்குள் கந்தோர், தாளோடு சேர்த்துக் குத்தியிருந்த மைத்துனனின் கடிதத்தையும் படித்து முடித்திருந்தது. இராசநாயகம் அதைச் செய்யுள் வாசிப்பது போல வாசித்தார்.

"'அத்தான், நீங்கள் கேட்டது கடைசியா அம்பிட்டிட்டுது. நாற்பது கால். நீங்கள் எழுதினதெல்லாம் படிப்பிச்சு அனுப்பிறன். நெத்தியிலை பொட்டு ஒட்டியிருக்கு, கழட்டவேண்டாம். வெயில் பட விடாதையுங்கோ, பட்டால் படிச்சதெல்லாம் மறந்துபோகும். ஐஞ்சுக்கு மேலை குடுத்தால் எரிஞ்சுபோகும்.'"

அந்த ரகச் சில்லின் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி யன்னல் உண்டு. அதற்குள் வெயில் விழுந்தால் எழுதினதெல்லாம் அழிந்துவிடும். அதை மறைக்க மைத்துனனுக்குக் கிடைத்தது தன் பெண்சாதியின் ஒட்டுப்பொட்டு. ஐந்து என்றது வோல்ற். இதையெல்லாம் அருளம்பலம் மூச்சுவிடாமல் விளக்கினார். இராசநாயகம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணைத் திறந்தபோது தீர்ப்பு ஆயத்தமாக இருந்தது.

"பொட்டு இருக்கு. ஆகவே பெண்பால்."

"ஐயா, நாற்பது கால் எண்டு கிடக்கே," என்று பரமலிங்கம் தலையைச் சொறிந்தார். "நாற்பது கால் உள்ள பொம்பிளை..."

"பரமலிங்கம், நீர் எங்கை படிச்சனீர்? நாற்பதும் காலும். நாற்பதேகால் வயது."

அறை முழுக்க ஒரு திருப்தி பரவியது. பரமலிங்கம் வயதை எழுதிக்கொண்டார். வெயில் ஒத்துக்கொள்ளாது. படித்தவர். ஐந்துக்கு மேலே கொடுத்தால் எரிந்து விழுவார், ஆகவே கை நீட்டாத அதிகாரி. "ஐஞ்சு வரைக்கும் பறவாயில்லைப் போலை," என்று பரமலிங்கம் ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டார்.

"நீர் அவவுக்கு என்ன முறை?" என்று இராசநாயகம் கேட்டார்.

"ஒரு முறையும் இல்லை ஐயா!"

"ஒரு முறையும் இல்லாமல் ஒரு குடும்பப் பொம்பிளையை லண்டனிலையிருந்து வருவிக்கிறீரோ? வெக்கமில்லை? உம்மடை மனிசியின்ரை சம்மதக் கடிதம் கொண்டுவாரும்."

பூரணம் கடிதத்தை அடுப்படியில் குந்தியிருந்து எழுதினாள்: 'லண்டனிலிருந்து வருகின்ற நாற்பதேகால் வயதுடைய அம்மையார் எங்கள் வீட்டில் தங்கி முட்டை அடைகாப்பதில் எனக்கு யாதொரு ஆட்சேபனையும் இல்லை. இரவில் எழும்பிப் பார்க்க ஒரு ஆள் அவசரமாகத் தேவை.' இரண்டாவது வசனம் பச்சை உண்மை. லைன் கறண்ட் நினைத்த நேரம் போகும். போனதும் பெட்டியைச் சூடாக்குகிற நாலு விளக்கும் அணையும். உடனே அரிக்கன் லாம்பைப் பெட்டிக்குக் கீழே வைத்துத் திரியை ஏற்றி இறக்கவேண்டும். பழைய ஓஸ்ரின் காரிலிருந்து கழற்றிப் பூட்டிய வைப்பர் மோட்டர், எப்போது சுழலவேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் சும்மா கிடந்தது. அறுபது முட்டையையும் புருஷனும் பெண்சாதியும் கையாலேயே புரட்டினார்கள், ஒரு பக்கம் பென்சிலால் 'அ', மறுபக்கம் 'ஆ'. அருளம்பலம் ஒரே மூச்சில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் படுத்தது கிடையாது. பத்தாம் நாள் முட்டைகளை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தபோது ஐம்பத்திரண்டில் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. அதைப் பார்த்துவிட்ட பிறகு அவருக்கு இருந்த நித்திரையும் போய்விட்டது. அதுவரை முட்டையாக இருந்தது, இப்போது உயிராகிவிட்டதே!

பன்னிரண்டாம் நாள் சம்மதக் கடிதத்தோடு போனவர், பொதிகள் வைக்கிற தட்டில் தன் பொதி இல்லாததைக் கண்டு திடுக்கிட்டார். அது ஒரு கதிரையில் இருந்தது. மெத்தை போட்ட கதிரை. யன்னல் சாத்தியிருந்தது. மேலே விசிறி. முன்னால் மேசை, மேசையில் கோவைகள்.

"உயர்திணையைத் தட்டிலை போட்டு வைக்கேலுமோ? அதுதான் இருத்தினது," என்று காதுக்குள் சொன்னார் பியோன் கனிசியஸ். குருநகர் ஆள், அந்தக் கட்டடத்தில் சிரிக்கத் தெரிந்த ஒரே ஆள். "இருத்தினபடியால் வரவுப் புத்தகத்திலை பேர் பதிஞ்சது. பேர் பதிஞ்சபடியால் கோவை வைச்சது. அவ ஒண்டுக்கும் மறுப்புச் சொல்லேல்லை அண்ணை. மறுப்பில்லையெண்டால் அனுமதிதானே? எட்டு வருசமாக் கிடந்த சாமானெல்லாம் இந்தக் கிழமை வெளியிலை போயிட்டுது."

அப்போது மேலே ஆமி ஹெலிகொப்டரின் இரைச்சல் கேட்டது. கந்தோர் முழுதும் பின்வளவுப் பங்கருக்குள் பாய்ந்தது. அருளம்பலத்தையும் கனிசியஸ் இழுத்துக்கொண்டு ஓடினார். குந்தியிருந்த கால் மணித்தியாலமும் அருளம்பலம் வெப்பமானியை நினைத்து முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து மண்ணைத் தட்டிய இராசநாயகம், கதிரையில் அசையாமல் இருந்த பொதியைக் கண்டதும் கண் கலங்கினார்.

"பாத்தீரோ? முப்பத்தொரு வருசச் சேவையிலை, சண்டை நேரத்திலையும் கதிரையை விட்டு எழும்பாத ஒரு அதிகாரியை இண்டைக்குத்தான் காணுறன். பேச்சில்லை, லீவில்லை, தேத்தண்ணி இல்லை. ஒரு அதிகாரிக்கு வேறை என்ன தகுதி வேணும்?"

"ஐயா, முட்டை ஐயா," என்றார் அருளம்பலம். "ஐம்பத்திரண்டிலை உசிர் இருக்கு. அது என்ரை தங்கச்சியின்ரை சீவியம். என்னாலை இனி முழிச்சிருக்க ஏலாது ஐயா. தாருங்கோ ஐயா."

"விடுவிப்புக்கு விண்ணப்பம் எழுதும். ஆனால் விடுவிப்புக் கோவையெல்லாம் இப்ப அவதான் பாக்கிறா."

அருளம்பலம் எழுதினார். ஒரு சில்லிடம், அதே சில்லைத் தரும்படி, 'மதிப்புக்குரிய அம்மையீர்' என்று தொடங்கி எழுதினார். பொதிக்கு முன்னால் வைத்தார். மற்றெல்லாருக்கும் மௌனம் சம்மதமாக இருந்தது. இவருக்கு மட்டும், சொந்த விடயத்தில் அதிகாரி முடிவு சொல்லமுடியாமல் தர்மசங்கடப்படுவதாகக் கருதப்பட்டது. மணிக்கூடு அடித்தது. அருளம்பலத்தின் கை தானாகப் போய் இராசநாயகத்தின் மேசையிலிருந்த ஆறு கண்ணாடிக் குண்டுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தது. பரமலிங்கம் அதைக் குறித்துக்கொண்டார்.

முடிவு பதினெட்டாம் நாள் தபாலில் வந்தது. அம்மையாரை அனுப்பக் கொள்கையளவில் தடையில்லை. ஆனால் கடமையிடம் ஒரு உயர்திணைக்குத் தக்கதா என்று நேரில் சோதிக்கவேண்டும். சோதனை இருபத்தோராம் நாள், காலை பத்து மணி.

இருபத்தோராம் நாள் காலை கறண்ட் இல்லை. அருளம்பலம் லாம்புக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். கமலாவதி விடிய முதல் பஸ்சில் வந்து, பெட்டியைத் தொடப் பயந்து, தூணோடு ஒட்டி நின்றாள். உள்ளே ஓடு கொத்துகிற சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

பத்து மணிக்கு வாசலில் கார். முதலில் இராசநாயகம், பிறகு கோவையோடு பரமலிங்கம், கடைசியில் ஒரு கையில் பட்டுத்துணி விரித்த தட்டும் மறு கையில் குடையுமாகக் கனிசியஸ். தட்டில் பொதி. குடை பொதிக்கு. கனிசியஸ் வெயிலில் நனைந்து வந்தார்.

"கடமையிடம் எங்கை?" என்றார் இராசநாயகம்.

அருளம்பலம் பெட்டியைக் காட்டினார்.

"இதோ? கதிரை இல்லை, யன்னல் இல்லை. உள்ளுக்கை எப்பிடியோ?" இராசநாயகம் குனிந்து மூடியைத் தூக்கினார். வெக்கையும் ஈரமும் புகை மாதிரிக் கிளம்பிப் போயின. பொரிக்கிற நேரத்தில் அந்த ஈரம் போனால் ஓட்டுக்குள்ளேயே குஞ்சு காய்ந்து ஒட்டிவிடும்.

"மூடடா பெட்டியை!"

அருளம்பலத்தின் வாயிலிருந்துதான் வந்தது. முப்பத்தொரு வருடச் சேவையில் பண்டிதரை இப்படி எவரும் விளித்ததில்லை. மூடி தானாகக் கைநழுவி விழுந்து மூடிக்கொண்டது. 'முன்னிலை ஒருமை' என்று பரமலிங்கம் எழுதினார்.

"இருவத்தொரு நாள்!" என்று அருளம்பலம் கத்தினார். "நித்திரையில்லை, சோறில்லை. உங்களுக்குச் சொல், சொல், சொல். நீங்களும் அந்த உடுப்புத் தோய்க்கிற சில்லுத்தான்! ஒருக்கால் எழுதினது எழுதினதுதான், என்ன சொன்னாலும் ஏறாது!"

இராசநாயகம் கோபிக்கவில்லை. கோபிப்பது அவருடைய பிரிவு அல்ல. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"இதுக்குச் சூடு பாக்கிறது ஆர்?"

"நான்!"

"நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பினது?"

"நான்தான்! வேறை ஆர்?"

"கறண்ட் நிண்டால்?"

"நான், நான், நான்!"

"எழுதும் பரமலிங்கம். நுண் கட்டுப்பாட்டாளர் பதவி இவ்விடத்திலை ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கு. ஒரு பதவிக்கு இரண்டு பேரை விட ஏலாது. அம்மையார் மேலதிக ஆளணி. லண்டனுக்குத் திருப்பி அனுப்பும், குடையோடை."

சபை எழுந்தது. கனிசியஸ் போகிற போக்கில் அருளம்பலத்தைப் பார்த்தார். "பறிச்சுக்கொண்டு ஓடு அண்ணை, நான் விழுந்துவிடுறன்," என்று மெதுவாகச் சொன்னார். ஆனால் அருளம்பலம் திரும்பவில்லை. பெட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு இருந்தார். ஒரு 'ஆ' இரண்டாக உடைந்து, நனைந்த தலையொன்று வெளியே வந்து, அவரைப் பார்த்து வாயைத் திறந்தது.

பொழுதுபடுவதற்குள் நாற்பத்தாறு குஞ்சு. கமலாவதி எண்ணினாள், அழுதாள், பிறகு எண்ணிக்கை பிழைத்துப்போய் முதலிலிருந்து எண்ணினாள். "அண்ணை, நாப்பத்தாறு அண்ணை! கூடு நிறைஞ்சிடும்!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அண்ணை குந்தியபடியே சரிந்து, சீமெந்து நிலத்தில் கன்னத்தை வைத்து, வாயைத் திறந்துகொண்டு நித்திரையாகிவிட்டார். பூரணம் தலைக்குக் கீழே ஒரு சாக்கைச் சுருட்டி வைத்தாள். அவளுக்கும் அழுகை வந்தது, புருஷனை நினைத்து.

மறுநாள் மத்தியானம் கனிசியஸ் சைக்கிளில் வந்தார், பச்சை உறையோடு. வேலிப் படலையில் நின்றபடியே பூரணத்துக்கு வாசித்துக் காட்டினார்.

'ஒரு மைக்ரோ கன்ட்ரோலர் வந்ததாகப் பதிவு உள்ளது. வந்தவர் திரும்பிவிட்டார். ஆயினும் அதன் வேலை குறித்த முகவரியில் நடைபெற்றிருப்பதால், அப்பொருள் அங்கே இருக்கிறது என்றே கொள்ளவேண்டும். ஆராய்ந்ததில், சூடு பார்த்தும் முட்டை புரட்டியும் நித்திரையின்றி இருபத்தொரு நாள் இயங்கிய அருளம்பலம் என்பதே அப்பொருள் எனக் காணப்பட்டது. இயந்திரத்தின் வேலையைச் செய்வது இயந்திரமாகலின், அது இன்று தொட்டு அஃறிணையாக வகுக்கப்படுகிறது. அஃறிணை கையெழுத்திட இயலாது. வீட்டிலுள்ள உயர்திணை ஒருவர் உறுதிப்படுத்துக.'

வாசித்து முடித்த கனிசியஸுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "என்ன அக்கா செய்யிறது, உவங்கள் அப்பிடித்தான். கேட்டு எழுதாமல் திரும்பிப் போகேலாது. அண்ணை நிக்கிறாரோ?"

பூரணம் உள்ளே எட்டிப் பார்த்தாள். அருளம்பலம் நேற்றுச் சரிந்த அதே பக்கம் கிடந்தார். பெட்டியிலிருந்து தப்பி வந்த ஒரு குஞ்சு அவருடைய கக்கத்துக்குள் புகுந்து நித்திரை. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பும் கண்ணீருமாகத் திரும்பினாள்.

"அது கிடக்குது தம்பி. இருவத்தொரு நாளைக்குப் பிறகு இப்பதான் நித்திரை கொள்ளுது. எழுப்பினால் கடிக்கும்."

கனிசியஸ் பொக்கற்றிலிருந்து பென்சிலை எடுத்து, உறையின் மேல் 'அஃறிணைதான், நேரில் கேட்டறிந்தது' என்று எழுதினார். பிறகு மணியடிக்காமல் சைக்கிளை, ஒழுங்கை தெருவோடு சேர்கிற தலைப்பு வரைக்கும் உருட்டிக்கொண்டு போய், அங்கே ஏறினார்.